புரிஞ்சுதா? – ஒன்பது, பத்தாம் வகுப்பில் இரு பக்கமும் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்த மறுநாள், ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பெயர் போடாமல் எழுதச் சொல்வது என் வழக்கம். என் வகுப்பில் எது உதவுகிறது, எது எரிச்சலாக இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்தத் தாள்களில் வந்த கேள்விகளும், ஸ்டாஃப் ரூமில் டீயோடு வந்தவையும், பெற்றோர் கூட்டத்தில் வந்தவையும் கீழே கலந்து கிடக்கின்றன. கேட்டவர் யார் என்பதைப் பொறுத்து ‘நீ’, ‘நீங்கள்’ மாறும்.

ஆசிரியர் கேட்பது: “புரிஞ்சுதா?” என்றால் வகுப்பே “புரிஞ்சுது சார்” என்கிறது. டெஸ்ட் வைத்தால் பாதிப் பேர் எழுதவில்லை. பொய் சொல்கிறார்களா?

பொய் இல்லை. பலகையிலிருந்து திரும்பி, டஸ்டரைக் கையில் பிடித்தபடி, அடுத்த கணக்குக்குத் தயாராக நின்றுகொண்டு நாம் கேட்கிறோம். நாம் நிற்கிற விதத்திலேயே விடை இருக்கிறது. அவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு வருடம் ஒரு தாளில் இப்படி வந்தது: “நீங்க போட்டப்ப புரிஞ்சுது சார். வீட்ல நான் போட்டப்ப புரியல.” நான் போன எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. நாம் போடும்போது அவர்கள் பின்தொடர்கிறார்கள். பின்னால் நடந்து வருகிறவனுக்கு வழி தெரிந்த மாதிரிதான் இருக்கும். அடுத்த நாள் தனியாகப் போகச் சொன்னால்தான் எந்தத் திருப்பத்தில் முழிக்கிறான் என்று தெரியும்.

அதனால் அந்த வார்த்தையை என் வகுப்பில் கைவிட முயன்றேன். (முழுதாகக் கைவிட முடியவில்லை. மூச்சு மாதிரி வந்துவிடுகிறது.) அதற்குப் பதில் ஒரு குட்டிக் கணக்கு. கூட்டுத் தொடர்வரிசை நடத்திய அன்று: முதல் உறுப்பு 5, பொது வித்தியாசம் 3, பத்தாவது உறுப்பு என்ன? நோட்டில் போடு, பக்கத்தில் காட்டாதே. பிறகு, “32 வந்தவங்க கை தூக்கு, 35 வந்தவங்க கை தூக்கு.” 35 என்று எழுதியவன் சோம்பேறி இல்லை, பத்தாவது உறுப்பு என்றால் பத்து முறை கூட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். முதல் உறுப்பு கையிலேயே இருப்பதால் ஒன்பது முறைதான் என்பது அவனுக்கு விட்டுப்போயிருக்கிறது. அந்த ஒரு இடத்தைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். “புரிஞ்சுதா?” என்று கேட்டிருந்தால் அவனும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்லியிருப்பான், மனசாரத்தான்.

இன்னொன்று, கேள்வி கேட்டபின் நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவில்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நாற்பது பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க மூன்று நொடி வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

மாணவர் கேட்பது: டவுட் கேட்டா “இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்த?”ன்னு திட்டுறாங்க. அப்புறம் எப்படி சார் கேட்கிறது?

அந்தத் திட்டு பெரும்பாலும் உன்மேல் இல்லை, போர்ஷன்மேல். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு இயல். அரையாண்டுக்குள் முடிக்கவில்லை என்றால் திருப்புதலுக்கு நாள் இல்லை. உன் சந்தேகம் வரும்போது உன் ஆசிரியர் கண்ணில் தெரிவது நீ இல்லை, காலண்டர். இதை நியாயம் என்று சொல்லவில்லை. நானும் ஒரு பெண்ணை அப்படித் திட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் அந்தப் பெண் அந்த வருடம் முழுக்க என்னிடம் எதையும் கேட்கவில்லை.

ஒரு வழி சொல்கிறேன். “புரியல சார்” என்றால் எங்களுக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தச் சொல்கிற மாதிரிக் கேட்கும். “மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன் சார், நாலாவதுல அந்த மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு?” என்று கேட்டுப் பார். அப்படிக் கேட்பவனைத் திட்டுகிற கணக்கு வாத்தியாரை நான் இன்னும் பார்க்கவில்லை. எந்த வரியில் நின்றாய் என்று தேடும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுவதும் உண்டு.

சில சமயம் எங்களுக்கே அந்த நேரத்தில் விடை தெரியாது. அப்போதும் திட்டுவோம். அது வேறு கதை.

ஆசிரியர், மாணவர் இருவரும்: நல்ல ஆசிரியர் என்றால் யார்?

ஸ்டாஃப் ரூமில் கேட்டால் பாட அறிவு, வகுப்புக் கட்டுப்பாடு, ரிசல்ட் என்று இதே வரிசையில் வரும். தாள்களில் வருவது வேறு. “எங்க பேரு சொல்லிக் கூப்பிடணும்.” “டெஸ்ட் பேப்பர் சீக்கிரம் குடுக்கணும்.” “வீட்டுக் கோபத்தை கிளாஸ்ல காட்டக்கூடாது.” “ஃபர்ஸ்ட் பெஞ்சைப் பாத்தே நடத்தக்கூடாது.” இந்தக் கடைசி வாக்கியம் எல்லா வருடமும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார்கள்.

நான் அப்படிச் செய்வதில்லை என்று உறுதியாக நம்பினேன். சரி பார்ப்போம் என்று இருக்கைப் படம் ஒன்று வரைந்து, யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கோடுகள் முதல் இரண்டு பெஞ்சிலும், நான் நடந்துபோகும் நடுவழியின் இரு ஓரத்திலும் மட்டும் குவிந்திருந்தன. ஜன்னல் ஓர மூலையில் உட்காரும் நான்கு பேருக்கு ஒரு கோடுகூட இல்லை. அந்த நால்வரில் இருவர் நல்ல மார்க் எடுப்பவர்கள். அவர்களிடம் கேட்காததற்கு என்னிடம் காரணமே இல்லை. கழுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவே.

பாட அறிவைப் பற்றித் தாள்களில் எதுவும் வராதது ஏன் என்று யோசித்திருக்கிறேன். சாருக்குக் கணக்கு தெரியும் என்பதை அவர்கள் கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. டிரைவருக்கு பஸ் ஓட்டத் தெரியும் என்று நம்பி ஏறுகிற மாதிரி.

ஆசிரியர் கேட்பது: கடைசி இரண்டு மாதம் ஒன் வேர்டு, வடிவியல், வரைபடம் என்று ஓட்டி 35 எடுக்க வைக்கிறோம். இது கற்பித்தலா?

வெளியில் இருப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் நூறு மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா (அதுதான் ஒன் வேர்டு) 14. கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக 14-ம் 16-ம் சேர்ந்து 30. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் வினா எழுதினால் 36. தேர்ச்சிக்கு 35. தேற்றம் ஒன்றுகூட வேண்டாம், முக்கோணவியலை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். ஒன் வேர்டு பெரும்பாலும் புத்தகத்தின் பயிற்சிக் கடைசியில் இருப்பவை. வடிவியலில் திரும்பத் திரும்ப வரும் சில வகைகள். இதை வைத்துத்தான் ஜனவரியிலிருந்து வண்டி ஓடுகிறது.

இதைச் செய்ய நான் வெட்கப்படவில்லை. பத்தில் ஃபெயில் என்ற ஒரு வார்த்தையால் ஒரு பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் வீடுகள் என் பள்ளியைச் சுற்றி இருக்கின்றன. ஒரு பையன் மில்லுக்கோ பட்டறைக்கோ போய்விடுவான், திரும்ப வரமாட்டான். அந்த 35 அவர்களுக்குக் கதவு. ஆனால் கதவைத் திறந்துவிட்டதைப் பாடம் நடத்தியதாக நான் சொல்லிக்கொள்வதில்லை. பிள்ளைகளிடமும் மறைப்பதில்லை: “இது பாஸாகிறதுக்கு. கணக்கு கத்துக்கிறது வேற, அதை அப்புறம் பேசுவோம்.” மறைத்தால் அவர்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

மெல்ல மலரும் மாணவர்கள் என்று சுற்றறிக்கையில் அழகாக எழுதுகிறோம். வகுப்பில் அது ‘ஸ்லோ’ ஆகிவிடுகிறது. “ஸ்லோ எல்லாம் அந்த ரூமுக்குப் போ” என்று லீடர் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தாளில் வந்தது: “எங்கள தனியா உக்கார வைக்காதீங்க. இருந்த கொஞ்சமும் மறந்துபோகுது.” அதன்பின் கலந்தே உட்கார வைக்கிறேன். வேலையை மட்டும் பிரித்துக் கொடுக்கிறேன்.

ஸ்டாஃப் ரூமில் இதற்கு ஒரு ரெடிமேட் காரணம் உண்டு: “எட்டு வரைக்கும் ஆல் பாஸ். அப்புறம் எப்படி?” எனக்கும் ஒரு காலத்தில் அது சரியென்று பட்டது. பிறகு இன்னொரு தாள் வந்தது: “எனக்கு ஆறாவதுல இருந்தே பின்னம் தெரியாது. யாரும் கேக்கல.” ஆறாவதில் அவனை ஃபெயிலாக்கியிருந்தால் மறுபடி அதே வகுப்பில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பான், பின்னம் அதனால் வந்துவிடாது. யாராவது கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவன் எழுதியது. 2025-26-ல் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு ‘திறன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது இந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான். ஒன்பதாம் வகுப்பில் கழித்தலை மறுபடி எடுக்க எனக்கு அதிகாரபூர்வமாக நேரம் கிடைத்தது என்ற அளவில் எனக்குச் சந்தோஷம்.

மாணவர் கேட்பது: மனப்பாடம் பண்றது தப்பா சார்? ஒரு டீச்சர் பண்ணுங்கறாங்க, இன்னொரு டீச்சர் பண்ணாதன்னு திட்டுறாங்க.

தப்பில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாக இல்லாதவன் காரணிப்படுத்தும்போது படுகிற பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். 12-ஐ இரண்டு எண்ணாகப் பிரிப்பதிலேயே அவன் களைத்துவிடுகிறான், இருபடிச் சமன்பாடு வரை வருவதில்லை. தமிழ்த் தாளில் செய்யுளை அடிபிறழாமல் எழுதச் சொல்கிறார்கள். குறளை எதுகையோடு சேர்த்துத்தான் நெஞ்சில் வைக்க முடியும். எண்சுவடியைக் கூட்டமாகச் சொல்லிச் சொல்லிப் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம் நம்முடையது. அதைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

தப்பு எங்கே என்றால், கணக்கை வரிவரியாக மனப்பாடம் செய்து, எண் மாறினால் பழைய எண்ணையே எழுதிவைப்பதில். அப்படி எழுதிய விடைத்தாள் என்னிடம் ஒவ்வொரு வருடமும் வரும். கேள்வியில் 7 இருக்கும், விடையில் புத்தகத்திலிருந்த 5 இருக்கும். படிகள் எல்லாம் கச்சிதம்.

மனப்பாடம் செய்கிற முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு கூட்டம் வாசித்துவிட்டு, தாளை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வறை வாசலில் நின்றபடி புத்தகத்தைப் புரட்டுகிறாயே, அது ஐந்து நிமிடக் கணக்கில் சேரும். மார்ச்சில் பொதுத் தேர்வு என்றால் நவம்பரிலேயே புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டி “ஒரு தரம் எழுதறது பத்து தரம் படிக்கறதுக்குச் சமம்” என்று சொல்லியிருப்பாரே, பார்த்து எழுதாமல் மூடி எழுதினால் அது உண்மைதான்.

மாணவர் கேட்பது: காலாண்டு மார்க் எதுலயும் சேராதே. அதுக்கு ஏன் இவ்ளோ பண்றீங்க?

2020-ல் ஒருமுறை சேர்ந்தது. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை ரத்து செய்து எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தபோது, மதிப்பெண்ணில் 80 விழுக்காட்டைக் காலாண்டு, அரையாண்டிலிருந்தும் 20 விழுக்காட்டை வருகைப் பதிவிலிருந்தும் எடுத்தார்கள். “சும்மா எழுதினேன் சார், அது போய் சேருதா?” என்று போன் செய்தவர்கள் எத்தனை பேர்.

ஆசிரியர் கேட்பது: குழுவாக உட்கார வைத்துக் கலந்து பேசச் சொன்னால், “சார், நீங்களே நடத்துங்க” என்கிறார்கள். அவர்களுக்கே வேண்டாம் என்றால் நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

எனக்கும் அதே அனுபவம்தான். நம் மாநிலத்தில் ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி என்று வந்து, மனவரைபடம், தொகுத்தல், குழு விவாதம் என்று சார்ட் அட்டைகள் சுவர் முழுக்கத் தொங்கிய காலம் ஒன்று உண்டு. பார்வையாளர் வரும் நாளில் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள், போனதும் நேராகத் திரும்புவார்கள். அதே பிள்ளைகள் ஒன்பதுக்கு வந்ததும் வட்டம் காணாமல் போகும். காரணம், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பொதுத் தேர்வு.

மாணவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று மேலே இவ்வளவு எழுதிவிட்டு, இந்த ஒரு இடத்தில் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். 2019-ல் ஹார்வர்டில் லூயி டெலாரியேயும் சகாக்களும் அறிமுக இயற்பியல் வகுப்பில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு அருமையான விரிவுரை. இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், ஆனால் மாணவர்களே குழுவாகக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு விளக்கம். தாங்களே போட்டுப் பார்த்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் எதில் அதிகம் கற்றதாகத் தோன்றுகிறது என்று கேட்டால், விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். மல்லுக்கட்டும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். வழுக்கிக்கொண்டு போகிற பேச்சைக் கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். “நீங்க போட்டப்ப புரிஞ்சுது சார்” என்று ஒருவன் எழுதினானே, அதேதான்.

நான் இப்போது முழு வட்டம் போடுவதில்லை. பக்கத்தில் இருப்பவனோடு இரண்டு பேராக, ஐந்து நிமிடம், ஒரே ஒரு கணக்கு. நான்கு பேர் சேர்ந்தால் ஒருவன் போடுவான், இருவர் பார்ப்பார்கள், ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

மாணவர் கேட்பது: ஸ்பெஷல் கிளாஸ் கண்டிப்பா வேணுமா?

காலையில் எட்டரைக்கு ஒன்று, மாலையில் ஐந்தரை வரை ஒன்று. தாள்களில் இதைப் பற்றி வருகிற வார்த்தை படிப்பைப் பற்றியதே இல்லை: “பசிக்குது சார்.” காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மதியச் சத்துணவு பன்னிரண்டரை மணிவாக்கில். அதன்பின் ஐந்து மணிக்கு வடிவொத்த முக்கோணம் என்றால் யாருக்கு ஏறும்? சில பள்ளிகளில் பழைய மாணவர்கள் சேர்ந்து சுண்டல் தருகிறார்கள். அந்த மாலைகளில் வகுப்பின் முகமே வேறு.

வேண்டுமா என்றால், சிலருக்கு வேண்டும். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லாதவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் வரம். ஆனால் மாலையில் மறுபடி பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு அவர்களைப் போட விட்டு நான் சும்மா சுற்றிவந்தபோதுதான் அது பலித்தது. ஐந்து இருபது பஸ்ஸை விட்டால் ஏழுக்குத்தான் என்கிற ஊர்ப் பிள்ளைகளைக் கேட்காமலே அனுப்பிவிடுங்கள்.

மாணவர் கேட்பது: எங்கள போன் கொண்டு வரக்கூடாதுங்கறீங்க. நீங்க மட்டும் கிளாஸ்ல போன் பாக்கறீங்க?

நியாயமான கேள்வி. நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் எமிஸ், பள்ளி விவரங்களை ஏற்றுகிற அரசுத் தளம். உங்கள் வருகைப் பதிவே இப்போது செயலியில்தான் போடுகிறோம். அது சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் இன்னொரு விவரம் ‘உடனடி’ என்று கேட்பார்கள். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சார் வாட்ஸ்அப் பார்க்கிறார். இதை ஒரு தாளில் படித்த பிறகு, போனை எடுத்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: “அட்டெண்டன்ஸ் போடறேன், ரெண்டு நிமிஷம்.”

வாட்ஸ்அப்பும் பார்க்கிறோம். மறுக்கவில்லை.

பெற்றோர் கேட்பது: நாலு அடி போட்டாவது படிக்க வைங்க சார்.

மாட்டேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. நம்மில் பலர் பிரம்பைக் கீழே போட்டுவிட்டோம், நாக்கை இன்னும் போடவில்லை. “உங்கப்பன் தொழிலுக்குத்தான் லாயக்கு” என்ற வாக்கியத்தை ஒரு தாளில் அப்படியே மேற்கோள் குறியோடு எழுதியிருந்தார்கள். எந்த வகுப்பில், யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நானாகவும் இருக்கலாம்.

மாணவர் கேட்பது: +1-க்கு பப்ளிக் இல்லைன்னு சொல்றாங்க. அப்போ +1-ல ரெஸ்ட்டா சார்?

இந்த ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978-ல் +2 முறை வந்ததிலிருந்து ரொம்ப காலம் +2 மதிப்பெண் மட்டும்தான் கணக்கு, 1200-க்கு. அதனால் பல இடங்களில் +1 பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, இரண்டு வருடமும் +2 பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பொறியியல் முதலாண்டில் வந்து தடுமாறினார்கள். 2017-ல், தேர்வு முடிவு வரும்போது முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2017-18-லிருந்து +1-க்குப் பொதுத் தேர்வு, 600 மதிப்பெண். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்த +1 பொதுத் தேர்வு எடுக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு நிம்மதி. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு என்பது கொடுமைதான். மேல்நிலை எடுக்கும் முதுகலை ஆசிரியர்கள் பலருக்கு, பழைய குறுக்குவழி திரும்பிவிடுமோ என்ற பயம். எனக்கு இருவர் பக்கமும் புரிகிறது, ஆனால் உன் கேள்விக்கு விடை ஒன்றுதான்: நீட்டிலும் ஜேஇஇ-யிலும் +1 பாடத்திலிருந்து கேட்பார்கள். ரெஸ்ட் எடுக்க வேண்டுமென்றால் பத்து முடிந்த மே மாதத்தில் எடு.

ஆசிரியர் கேட்பது: ஆங்கில வழிப் பிரிவுக்குத் தமிழில் விளக்கலாமா?

தாராளமாக. வேறு எப்படி விளக்குவீர்கள்? வீட்டிலும் தெருவிலும் தமிழ், எட்டு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஒன்பதில் மாறியவர்கள் பலர். ‘சிமிலர்’ முக்கோணம் என்றால் ‘கிட்டத்தட்ட ஒரே மாதிரி’ என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அன்றாடப் பேச்சில் அந்த வார்த்தைக்கு அதுதானே அர்த்தம். ‘வடிவொத்த’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வடிவு ஒத்திருக்கிறது, அளவு ஒக்க வேண்டியதில்லை என்பது சொல்லிலேயே கிடைத்துவிடும். ‘ஃபங்ஷன்’ என்றால் வளைகாப்பு ஞாபகம் வருகிற வகுப்பில், ‘சார்பு, ஒன்றைச் சார்ந்து இன்னொன்று’ என்பது எவ்வளவு சுருக்கம். தேர்வுக்கு ஆங்கிலச் சொல் வேண்டும். அதைப் பலகையின் வலப்பக்கம் ஒரு பத்தியாக எழுதி வைத்துவிடுகிறேன், நாள் முழுக்க அழிப்பதில்லை.

மாணவர் கேட்பது: கைடு வாங்கலாமா? யூடியூப் பாக்கலாமா?

கைடில் விடையைப் பார்க்கும் முன் ஒருமுறை நீயே போட்டுப் பார்த்திருந்தால் வாங்கலாம். யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார். என்னை அப்படி நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும்.

பெற்றோர் கேட்பது: பொண்ணு வீட்டுல படிக்கவே மாட்டேங்குது. நான் அஞ்சாவதுதான் படிச்சேன், என்ன சொல்லிக்குடுக்க முடியும்?

சொல்லிக்கொடுக்க வேண்டாம் அம்மா. ராத்திரி சமைக்கும்போது, “இன்னிக்கு கணக்குல என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வைக்கப் பார்க்கும்போது அவளுக்கு எங்கே ஓட்டை என்று அவளுக்கே தெரிந்துவிடும். டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்லதாக ஒரு டேபிள் லைட் வாங்குங்கள்.

ஆசிரியர் கேட்பது: இந்தப் பெயரில்லாத் தாள் வேலையை என் வகுப்பில் செய்தால் கிண்டல்தான் வரும்.

வரும். முதல் வருடம் எனக்கு வந்தவற்றில் பாதி சினிமா வசனம். “சார் சட்டை சூப்பர்” என்று நான்கு. இரண்டாம் முறை, “இந்த வாரம் நான் எந்த இடத்தில் வேகமாகப் போனேன்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மூலைப் பெஞ்சில் இருந்துகூட விடை வந்தது. ‘உங்கள் கருத்து என்ன’ என்பது ‘புரிஞ்சுதா’வுக்கு அண்ணன், அதைக் கேட்காதீர்கள். வாங்கிய பின் அடுத்த வாரத்துக்குள் ஒன்றையாவது மாற்றிக் காட்டுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். நான் முதலில் மாற்றியது பலகையின் கீழ்ப்பகுதியில் எழுதுவதை. பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லையாம். இத்தனை வருடமாக.

மாணவர் கேட்பது: பேரு போடலைன்னாலும் கையெழுத்து வெச்சு கண்டுபிடிச்சுருவீங்கல்ல?

கண்டுபிடித்துவிடுவேன். வருடம் முழுக்க உன் நோட்டைத் திருத்துகிறவனுக்கு உன் ‘ழ’ தெரியாதா? அதனால் இப்போதெல்லாம் தாள்களை நான் வாங்குவதில்லை. ஒரு பையில் போடுவீர்கள், வகுப்புத் தலைவி ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பாள், நான் பலகைக்குத் திரும்பி நின்று குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வேன். வாசித்து முடித்ததும் அவளே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவாள். போன முறை ஒன்றை வாசிக்க எடுத்தவள், படித்துப் பார்த்துவிட்டு, “சார், இது உங்களுக்கு வேணாம்” என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டாள்.

என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.